மாடிக்கு எட்டாத இணையம்

எங்கள் வீட்டு மாடிப்படியில் கீழிருந்து எண்ணினால் ஏழாவது படி, படிக்கட்டு திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கரோனா பொதுமுடக்கக் காலத்தில் என் பேத்தி கல்லூரி முதலாண்டின் பெரும்பகுதியை அந்தப் படியில் அமர்ந்துதான் படித்தாள். மடிக்கணினியை மடியிலும் குறிப்பேட்டைப் பக்கத்திலும் வைத்துக்கொள்வாள். யாராவது ஏறி இறங்கினால் இரண்டையும் வாரி எடுத்துக்கொண்டு வழிவிடுவாள். முதல் தளத்தில் அவளுக்கெனத் தனி அறையும் மேசையும் இருந்தன. ஆனால், தரைத்தளக் கூடத்தில் இருந்த ரவுட்டரின் அலை அந்த அறைக்கு எட்டவில்லை. ஏழாவது படிவரைதான் வந்தது.

அந்த ரவுட்டர் என் நாற்காலிக்கு மூன்றடி தொலைவில் இருந்தது. இணைப்பு என் பெயரில். கட்டணம் என் ஓய்வூதியத்தில். காலையில் நான்கு நாளிதழ்களைக் கணினியில் படிக்கும் எனக்கு ஒருநாளும் இணையம் தடைப்பட்டதில்லை. மாடியில் சரியாக வரவில்லை என்று பேத்தி சொன்னபோது, சேவை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். வேகம் போதவில்லை, உயர்ந்த திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்பதை 200 ஆக்கினேன். கட்டணமும், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் உயர்ந்தன. கீழே என் கணினியில் அளந்து பார்த்தால் 190 காட்டியது. மாடி அறையில் முன்பு 3 இருந்தது. இப்போதும் 3 தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலை எத்தனையோ முதுகலை வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அவர் நிறுவ முயன்றது இதுதான்: பட்டினி வந்தது உணவு ஒட்டுமொத்தமாகக் குறைந்ததால் அன்று, இருந்த உணவைப் பெறும் வழி ஒரு பகுதி மக்களுக்கு அடைபட்டுப் போனதால். இதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவன், சொந்த வீட்டில் விநியோகம் எங்கே அறுபட்டிருக்கிறது என்று பார்க்காமல் அளிப்பை இரட்டிப்பாக்கினேன். பஞ்சத்தோடு வைஃபையை ஒப்பிடுவது மிகையே. ஆனாலும் பிழையின் வடிவம் ஒன்றுதான்.

இதே பிழையைப் பல வீடுகளில் பார்க்கிறேன். எங்கள் திருச்சித் தெருவில் ஒரே குடும்பம் வாழும் மூன்று தள வீடு ஒன்றுக்கு மின்கம்பத்திலிருந்து மூன்று கண்ணாடி இழைக் கம்பிகள் செல்கின்றன. தளத்துக்கு ஓர் இணைப்பு, தளத்துக்கு ஒரு கட்டணம். மூன்றில் எதுவும் ஒருநாளும் முழுதாகப் பயன்படுவதில்லை.

வைஃபை ஏன் மாடி ஏறுவதில்லை என்பதைச் சற்று விளக்கவேண்டும். ரவுட்டர் அனுப்புவது வானொலி அலை. அதில் பொதுவாக இரண்டு அலைவரிசைப் பட்டைகள் பயன்படுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை மெதுவானது, ஆனால் தடைகளை ஓரளவு கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை வேகமானது, ஆனால் சுவர் கண்டால் சோர்ந்துவிடும். நம் வீடுகளின் தளங்களைப் பிரிப்பது செங்கல் சுவர்கூட அன்று. குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகளைப் பின்னிக் கொட்டிய கான்கிரீட். அலையைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய ஓர் இரும்பு வலை. பலகையும் அட்டையும் கொண்டு கட்டும் மேலைநாட்டு வீடுகளில் ஒரே ரவுட்டர் மூன்று தளங்களுக்கும் எட்டலாம். அதை நம்பி இங்கே வாங்கினால் ஏமாற்றமே. எங்கள் வீட்டில் அலைக்குக் கிடைத்த ஒரே திறந்த வழி மாடிப்படிக் கூடு. அது வழியாக ஏறி, படிக்கட்டு திரும்பும் சுவரில் மோதி நின்றது. பேத்தி அதன் எல்லையைப் படிப்படியாக உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆகவே, இணைப்பு எத்தனை மெகாபிட் என்பது ஒரு கேள்வி. அது வீட்டுக்குள் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்பது வேறொரு கேள்வி. சேவை நிறுவனம் விற்பது முதலாவதை மட்டுமே. இரண்டாவதற்கு அந்நிறுவனம் பொறுப்பன்று, அதில் அதற்கு வருமானமும் இல்லை. மாடியில் வரவில்லை என்ற புகாருக்கு வேகத்தைக் கூட்டுங்கள் என்ற பதில் வருவதில் வியப்பென்ன?

இந்த வேகக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பின் அளவைக் கணினி காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100 மெகாபிட் இணைப்பு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்டைத்தான் இறக்கும். ஒரு காணொலி வகுப்புக்கு ஏறத்தாழ 2 முதல் 4 மெகாபிட் போதும். தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு 5 மெகாபிட் அளவில் வேண்டும். ஒரே நேரத்தில் இருவர் வகுப்பில் இருந்து, இருவர் படம் பார்த்து, ஒருவர் அலுவல் செய்தாலும் 100 மெகாபிட்டில் பாதிகூடத் தீராது. சாதாரண மூன்று தளக் குடும்பத்துக்குக் குறையாக இருப்பது பெரும்பாலும் வேகமன்று, மாடிக்குச் செல்லும் பாதையே.

பாதை அமைக்கச் சந்தையில் நான்கைந்து வழிகள் உண்டு. அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்தான் மலிவானது. ஒரே வானொலியைக் கொண்டு கேட்கவும் பேசவும் செய்யும் எளிய ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதைவிட முக்கியமானது, அலை வராத அறையில் அதை வைத்தால் அதற்கும் அலை வராது. நானும் ஒன்றை வாங்கி மாடி அறையில் வைத்து, விளக்கு எரிகிறதே, ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு வாரம் யோசித்தேன். வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் கருவியும் உண்டு. நம் ஊரில் தளத்துக்கு ஒரு மீட்டர், சில வீடுகளில் தளத்துக்கு ஒரு ஃபேஸ் என்று மின்சாரம் பிரிந்திருப்பதால் அதை நம்ப முடியாது. மெஷ் எனப்படும் பல கருவிகள் கொண்ட தொகுதி நன்றாக வேலை செய்யும். ஆனால், அதுவும் கருவிக்குக் கருவி கம்பியால் இணைக்கப்படும்போதுதான் முழுப் பலன் தரும். காற்று வழியாகப் பேசும்போது அதே கான்கிரீட்டைத்தான் அதுவும் கடக்கவேண்டும்.

கடைசியில் எங்கள் வீட்டில் வென்றது மிகப் பழைய வழி: தளத்துக்குத் தளம் ஒரு கேபிள்.

கேட் 6 எனப்படும் வலைக் கேபிளில் எட்டு செப்பு இழைகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மீட்டர் நீளம்வரை நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தை அது தாங்கும். எந்த வீட்டுக்கும் இது போதும். வாங்கும்போது முழுச் செப்பா என்று கேட்டு வாங்கவேண்டும். அலுமினியத்தின்மேல் செப்பு பூசிய மலிவு கேபிள் கடைகளில் நிறைய இருக்கிறது. மின்சாரக் கம்பி செல்லும் அதே குழாயில் இதைச் செலுத்தக் கூடாது. இது பாதுகாப்புக்காக, வேகம் கெடாமல் இருக்கவும்தான். இடி மின்னல் காலத்தை எண்ணிப் பார்த்தால், வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோவதைவிட வீட்டுக்குள்ளேயே கொண்டுபோவது மேல். கேபிளின் இருமுனையிலும் எட்டு இழைகளும் ஒரே நிற வரிசையில் பொருந்தியிருக்கவேண்டும். நான்கு இழைகள் மட்டும் சரியாகச் சேர்ந்தாலும் இணைப்பு வேலை செய்யும். ஆனால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

சுவரை உடைக்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சினேன். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். 1994இல் வீடு கட்டியபோது மாடிக்கு நீட்டிப்புத் தொலைபேசி வைப்பதற்காகச் சுவருக்குள் ஒரு குழாய் பதித்திருந்தோம். தரைவழித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகியும் உள்ளே கம்பி அப்படியே கிடந்தது. அதன் கீழ்நுனியில் புதிய கேபிளைக் கட்டி, மேலிருந்து இழுத்தார். பழைய கம்பி வெளியே வர, புதியது உள்ளே போய்விட்டது. மொத்தம் அரை மணி நேர வேலை. 1990களில் கட்டிய வீடுகளில் இப்படியொரு குழாய் மறந்துபோய்க் கிடக்கலாம், தேடிப் பார்க்கலாம்.

மாடியில் கேபிளின் முனையில், பரணில் கிடந்த பழைய ரவுட்டரையே பொருத்தினோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை அப்படியே செருகினால் அது தன்னைத் தனி அரசாகக் கருதிக்கொண்டு, மாடிக் கருவிகளுக்குத் தானே முகவரி வழங்கத் தொடங்கும். கீழே உள்ள அச்சுப்பொறி மாடிக் கணினியின் கண்ணுக்குத் தெரியாது. அதன் அமைப்புப் பக்கத்தில் அணுகுமுனை என்ற நிலைக்கு மாற்றினால் அது முகவரி வழங்குவதை நிறுத்திக்கொண்டு, கீழ் ரவுட்டருக்கு அடங்கி அலையை மட்டும் பரப்பும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் கைப்பேசி மாடி ஏறும்போது பெரும்பாலும் தானே மாறிக்கொள்ளும். ஆனால் 2.4 பட்டையில் இரண்டும் ஒரே தடத்தில் பேசக் கூடாது. ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. கீழே 1 என்றால் மாடிக்கு 6. மேசைக் கணினியைக் கேபிளிலேயே நேராக இணைத்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. இன்னொன்று: மாடிக் கருவியின் மின்இணைப்பும் இன்வெர்ட்டர் வழியில் இருக்கவேண்டும். இல்லையேல் மின்தடையின்போது கீழே இணையம் இருக்கும், மேலே இருக்காது. பழைய கதை திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் ஆன செலவு, மாடிக்குத் தனி இணைப்பு எடுத்திருந்தால் ஓராண்டுக்கு ஆகியிருக்கும் கட்டணத்தைவிடக் குறைவு. கீழே திட்டத்தையும் மீண்டும் 100 மெகாபிட்டுக்கே இறக்கிவிட்டேன்.

மின்சாரத்தைத் தளத்துக்கு ஒரு மீட்டராகப் பிரித்து வைத்திருக்கும் பழக்கம்தான் இணையத்தையும் பிரிக்கச் சொல்கிறது என்று நினைக்கிறேன். மின்சாரத்தில் பிரிப்பது அறிவார்ந்த செயல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடும். மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் சேர்ந்தால் தண்டனைதான். இணையம் நேர் எதிர். பயன்பாட்டு வரம்பு உயரமாக இருக்கும் இன்றைய வீட்டுத் திட்டங்களில் மாதக் கட்டணம் நிலையானது. இரண்டாமவர் சேர்வதால் முதலாமவருக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஏதுமில்லை. நெரிசல் தொடங்கும்வரை சேரச் சேர எல்லோருக்கும் இலாபம். இத்தகைய பண்டங்களைப் பற்றி ஜேம்ஸ் புக்கானன் 1965இல் எழுதிய கட்டுரையில் அவற்றைச் சங்கப் பண்டங்களாக விளக்கினார். நீச்சல் குளம் அதற்கு எடுத்துக்காட்டு. எத்தனை பேர்வரை சேர்க்கலாம் என்பதே அங்கு கேள்வி. மூன்று தளக் குடும்பம் அந்த எல்லையின் அருகில்கூட வருவதில்லை.

எங்கள் கிராமத்துப் பங்காளிகள் பொதுக்கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பாகம் என்று எழுதியிருக்கும். அதே நினைவில் நானும் தொடக்கத்தில் வீட்டுக்குள் முறை வைத்தேன்: காலையில் பேத்தி, பிற்பகலில் மருமகள். அது பயனற்ற ஏற்பாடு. கிணற்றில் இன்று இறைக்காத நீர் நாளைக்கு இருக்கும். இணைய வேகத்தில் இந்த நொடி பயன்படாதது இந்த நொடியே போய்விடும். சேமித்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சிக்கனத்துக்கு இங்கு வேலை இல்லை. உச்ச நேரத்தைக் கவனித்தால் போதும்.

உச்ச நேரத்தில் குற்றவாளி யார் என்பதும் எதிர்பாராததாக இருந்தது. கேபிள் போட்ட பின்னும் மருமகளின் வகுப்பு சில நாள்களில் திக்கித் திணறியது. மகன் தேடிப் பார்த்தபோது, உறவினர் திருமணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை என் கைப்பேசி தானாக மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பல திட்டங்களில் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகம் குறைவு. அந்தக் குறுகிய வாசலில் பெரிய கோப்புகள் வரிசை கட்டி நின்றால், ஆசிரியையின் குரலும் அந்த வரிசையில்தான் காத்திருக்கவேண்டும். இப்போது அந்த ஏற்றம் இரவில் நடக்கிறது.

உறவினருக்குள் பகிர்வது வேறு. குடியிருப்பவரோடு பகிர்வது வேறு. மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் கடவுச்சொல் கேட்டபோது கொடுக்கத் தயங்கினேன். கஞ்சத்தனமன்று. வெளியுலகுக்கு எங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரி. அந்த முகவரியில் நடக்கும் எதற்கும் முதலில் பதில் சொல்லவேண்டியவர் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்வதற்குச் சில நிமிடங்கள் முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகச் சென்றிருந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அவர் வாசலில். வாடகையோடு இணையத்துக்கும் பணம் வாங்கினால் அது விற்பனையாகிவிடும். வீட்டு இணைப்பின் ஒப்பந்தங்கள் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. பொதுமக்களுக்கு இணையம் விற்க விரும்புவோருக்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் உரிமம் இல்லாத வழியொன்றைத் திறந்திருக்கிறது. அது கடைக்காரர்களுக்குப் பொருந்தும், எனக்கன்று. அந்த இளைஞரைத் தனி இணைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவரை, எங்கள் கணினிகளைத் தொடமுடியாத விருந்தினர் வலையின் கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

கேபிள் போட்ட அன்று மாலை மருமகள் சொன்ன ஒன்றை எழுதாமல் விடமுடியவில்லை. அவர் தனியார் பள்ளி ஆசிரியை. அந்த ஓராண்டு முழுவதும் மாடியிலிருந்து கைப்பேசித் தரவில்தான் வகுப்பெடுத்திருக்கிறார். நாளைய தரவு பிற்பகலிலேயே தீர்ந்துவிடும். மேலும் பணம் கட்டி வாங்குவார். பள்ளிகள் மூடியிருந்ததால் அப்போது அவருக்குப் பாதிச் சம்பளம்தான். கூடத்தில் இருக்கும் பெட்டியை மாடிப்படி அருகே நகர்த்தியிருந்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்கள் பெயரில் உள்ள இணைப்பு மாமா. நீங்கள் பேப்பர் படிக்கிற இடம். எப்படிக் கேட்பது?” என்றார்.

கூட்டுக் குடும்பத்தில் பொதுப்பண்டம் யார் நாற்காலியின் அருகே இருக்கிறதோ அவருக்குக் குறை தெரிவதில்லை. குறை தெரிகிறவர் கேட்பதில்லை. தம் பணத்தைச் செலவிட்டுச் சமாளித்துக்கொள்கிறார். அந்தச் செலவு எந்தக் குடும்பக் கணக்கிலும் ஏறாது. நான் 200 மெகாபிட்டுக்குக் கட்டியது என் கணக்கில் இருந்தது. அவர் வாங்கிய தரவு இல்லை. எங்கள் வீட்டின் உண்மையான இணையச் செலவை ஓராண்டு முழுவதும் நான் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறேன்.

இப்போது ரவுட்டர் கூடத்தில் இல்லை. படிக்கூட்டின் சுவரில், எல்லோருக்கும் கையெட்டும் உயரத்தில் இருக்கிறது. அதன் நிர்வாகக் கடவுச்சொல் மருமகளிடமும் மகனிடமும் இருக்கிறது. கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று நான் தளவாரியாகவும் பயன்பாட்டுவாரியாகவும் ஒரு தாள் நிறையக் கணக்குப் போட்டேன். யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று அளக்கும் செலவு பிரிக்கும் தொகையைவிட அதிகமாகும் என்று தெரிந்ததும், என் மனைவி அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஒரு மாதம் நீங்கள், ஒரு மாதம் அவர்கள் என்றார். அப்படியே நடக்கிறது. இணைப்பை மருமகளின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். முகவரிச் சான்று ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை மீண்டும் போகவேண்டும்.